அழிறப்பர் தொடாத கோடு: கொழும்பிற் பேனைச் சித்திரம் வளர்ந்த வரலாறு

தமிழில் ‘எழுதுதல்’ என்னும் சொல் எழுத்தை மட்டும் குறிப்பதன்று. ஓவியம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல், தொய்யில் எழுதுதல் என வரைதற் செயல்கள் பலவற்றுக்கும் பழைய இலக்கிய வழக்கு இச்சொல்லையே ஆண்டுள்ளது. வண்ணம் பெறாது கோட்டளவில் நிற்கும் சித்திரத்துக்குப் ‘புனையா ஓவியம்’ என்னும் தனிப்பெயரும் இருந்தது. எழுதுவோனும் வரைவோனும் ஒரே தொழிலைப் புரிபவராகக் கருதப்பட்ட ஒரு காலம் உண்டென்பதற்கு இச்சொற்களே சான்றாகும்.

ஆயின், இன்று நிலைமை வேறு. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் தயக்கமின்றி எழுதும் ஒரு கை, அதே பேனையால் ஒரு வேப்பமரத்தை வரையுமாறு கேட்கப்பட்டதும் நடுங்குகிறது. பேனை கீழே வைக்கப்படுகிறது; பென்சிலும் அழிறப்பரும் தேடப்படுகின்றன. எழுத்திலே துணிந்த கை சித்திரத்திலே அஞ்சுவதேன்? இவ்வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. வரைதல் பிறவிக்கொடை என்பது ஒன்று. நல்ல பேனை வாய்த்தால் நல்ல கோடு தானே வரும் என்பது மற்றையது. முதலாவது விடை முயற்சியையே தடுத்துவிடுகிறது. இரண்டாவது, முயல்வோரைக் கடைக்குக் கடை அலைய வைக்கிறது. கொழும்பு நகரிற் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்திற் பேனை கொண்டு வரைந்தோர் வரலாற்றை நோக்கின் இவ்விரண்டினும் வேறான ஒரு விடை புலனாகும். கோட்டின் துணிவு, அழிக்க இயலாத கருவியுடன் நாள்தோறும் பழகியதனாற் பிறந்தது என்பதே அவ்விடை. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழிக்க இயலாத கருவிகளுள் நம் நாட்டவர் நெடுங்காலம் கையாண்டது எழுத்தாணி. ஏட்டை இடக்கையில் ஏந்தி, அக்கைப் பெருவிரலால் எழுத்தாணியின் முனையைத் தாங்கி, ஏட்டை மெல்ல நகர்த்தியே எழுதினர். கீறிய கணத்தில் எழுத்துக் கண்ணுக்கு நன்கு தெரிவதில்லை. பின்னர் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தபோதே அது துலங்கியது. கீறியதை மீட்கவும் வழியில்லை. நேர்கோட்டை அழுத்தி இழுப்பின் ஏடு கிழிந்துவிடும். எனவே ஏடெழுதுவோர் வளைகோட்டிலும், முன்கூட்டித் தீர்மானித்துக் கீறுவதிலும் வல்லவராயினர். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலில், மரபுவழிச் சித்திரகாரரின் பிள்ளைகள் வளைகோடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்து கைபழகிய பின்னரே கொடியும் மலரும் வரையப் புகுந்தனர் என விளக்கியுள்ளார். துணிவு என்பது ஒரு மனநிலையாக மட்டுமன்றி ஒரு பயிற்சியின் விளைவாகவும் அக்காலத்திற் கருதப்பட்டமை இதனால் அறியப்படும்.

ஐரோப்பியர் ஆட்சியோடு கொழும்புக்கு வந்தது இறகுப்பேனை. மாசிக்காய்ச் சாற்றையும் அன்னபேதியையும் சேர்த்து ஆக்கிய மையில் இறகைத் தோய்த்து எழுதினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத் தொழிற்சாலைகள் உருக்கு முனைகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியதும், இறகின் இடத்தை உருக்கு பிடித்துக்கொண்டது. மெல்ல அழுத்தினால் மயிரிழை, வலிந்து அழுத்தினாற் பருங்கோடு என ஒரே முனையிற் பல பருமன்களைப் பெறும் வசதி இதனால் உண்டாயிற்று. நில அளவைப் படங்கள், கட்டட வரைபடங்கள், கணக்கேடுகள் என அரச அலுவலகங்களின் தேவைகள் பெருகப் பெருக, பேனை பிடித்துப் பிழைக்கும் ஒரு வகுப்பினரும் நகரிலே தோன்றினர்.

கொழும்பின் முதற் பேனைச் சித்திரகாரருட் சிறந்தவர் இவ்வலுவலகச் சூழலிலிருந்தே வந்தார். அவருக்கு முன்னரும் நகரிலே சித்திரம் பயிற்றியோர் இருந்தனர். புதுச்சேரியிலிருந்து வந்து கொழும்பிற் குடியேறிய இப்போலிற் சில்வாவ் அவர்களுள் ஒருவர். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமிக்கு 1846இல் சித்திர ஆசிரியராக வந்த அயர்லாந்துக்காரர் அன்ட்ரூ நிக்கொல் மற்றொருவர். இவர்களுக்குப் பின் புகழ்பெற்றவரே பறங்கியர் குலத்தவரான ஜே. எல். கே. வன் டோர்ட் (1831 - 1898). நில அளவையாளர் நாயகத்தின் திணைக்களத்திற் படவரைஞராகப் பணியாற்றிய இவர், அலுவலகத்தில் அளவுகோலுக்குக் கட்டுப்பட்ட கோடுகளை இழுத்தார். வெளியிலோ சந்தை, வண்டி, ஊர்வலம், நீதிமன்றம், தெருச்சண்டை எனக் கண்ணிற் பட்டனவற்றையெல்லாம் விரைந்து வரைந்தார். 1870ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ‘முனியாண்டி’ என்னும் ஆங்கில நகைச்சுவை இதழ் இவருடைய படங்களுடன் வெளிவந்தது. ஆங்கிலேயரும் பறங்கியரும் வாசித்த இதழொன்று தமிழ்க் கிராமத் தெய்வமொன்றின் பெயரைத் தாங்கியிருந்தமை சுவையானதொரு செய்தியாகும்.

வன் டோர்ட்டின் படங்களில் மனிதர் நின்று ‘காட்சி’ கொடுப்பதில்லை. நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கின்றனர். அசைந்துகொண்டிருக்கும் ஒருவரை வரைபவருக்கு அழித்துத் திருத்த நேரமில்லை. தவறிய கோட்டை விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குச் செல்லவேண்டும். நாளெல்லாம் மையிற் கோடிழுத்துப் பழகிய கை இதற்கு ஏற்றதாயிற்று. அவருடைய துணிவின் ஊற்றுக்கண்ணை அலுவலக மேசையிலே தேடுவதே பொருத்தம்.

இதற்கு மாறான ஒரு பயிற்சியைப் பாடசாலைகள் வழங்கின. குடியேற்ற ஆட்சிக்காலச் சித்திரப் பாடம், சுவரில் மாட்டிய மாதிரிப்படத்தைப் பார்த்துக் கொப்பியிற் பிரதி செய்வதாகவே பெரும்பாலும் அமைந்தது. பென்சில், அடிமட்டம், அழிறப்பர் ஆகிய மூன்றுமே மாணவனின் கருவிகள். பிழையின்றிப் பிரதி செய்தவனுக்குப் புள்ளி. கோடு பிசகியவனுக்கு அழிறப்பர். இதிலே ஒரு முரணும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் முக்கிய ஏற்றுமதிகளுள் காரீயமும் ஒன்று. அதனைத் தரம்பிரிக்கும் முற்றங்கள் கொழும்பிலே பல இருந்தன. அதிற் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் பயன்பட்டது. ஒரு சிறு பகுதியே பென்சிலாயிற்று. எனினும் பென்சிலின் மூலப்பொருளை உலகுக்கு அளித்த நகரத்தின் பிள்ளைகள், அப்பென்சிலைக்கொண்டு தாம் கண்டதை வரையாது பிறர் வரைந்ததையே பிரதி செய்துகொண்டிருந்தனர்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் சி. எவ். வின்சர். 1920இல் கல்வித் திணைக்களத்தின் சித்திர வித்தியாதரிசியாக வந்த இவர், பிரதி செய்தலைவிடப் பிள்ளையின் சொந்த அவதானிப்பே மேலானது என வலியுறுத்தினார். இளம் ஓவியர் பலர் அவரால் ஊக்கம் பெற்றனர். அவருடைய செல்வாக்கு கொழும்புடன் நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் நிறுவிய ஓவியக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது. தமிழ்ப் பாடசாலைகளிற் சித்திரக் கல்வி வேரூன்ற அக்கழகத்தார் உழைத்தமை தனியே ஆராயத்தக்கது.

1943 ஆகஸ்ட் மாதத்தில் லயனல் வென்ற்றின் கொழும்பு இல்லத்திற் கூடிய ஓவியர்கள் ‘43 குழு’வை அமைத்தனர். ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறீ முதலியோர் இடம்பெற்ற அக்குழுவில் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியவர் ஜோர்ஜ் கிளாசன் (1909 - 1999). ஓவியக் கல்லூரி எதிலும் பயிலாத இவர், கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவிற் படவரைஞராகத் தொழில் புரிந்தார். கொட்டாஞ்சேனைக் குன்றிலிருந்து பார்ப்போருக்குக் கண்ணெதிரே தெரிவது அத்துறைமுகமே. ஏறத்தாழ முப்பது வயதை அடையும் வேளையிலேயே அவர் ஓவியத்துறையில் இறங்கினார். 1947இல் நாட்டை விட்டுச் சென்று, பின் இலண்டனில் வாழ்ந்தார்.

படவரைஞரின் கருவி எத்தகையது என்பதை ஈண்டு நோக்குதல் தகும். இரண்டு உலோக இதழ்களுக்கிடையே மையை ஏந்தும் கோடிழுக்கும் பேனை அது. இதழ்களை நெருக்கும் திருகாணியைத் திருப்பிக் கோட்டின் பருமனை முன்கூட்டியே நிர்ணயிக்கலாம். நிர்ணயித்தபின் கோடு தடிக்கவும் கூடாது, மெலியவும் கூடாது. இக்கருவியாற் பழகிய கை விறைத்துப்போகும் என எண்ணத் தோன்றும். ஆனால் கிளாசனின் கோட்டுச் சித்திரங்கள் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றன. ஒரே சீரான கோடு, அலுவலகத்துக்கு வெளியே வந்ததும், மனித உருவைச் சுற்றி இடையறாது ஓடும் கோடாகிறது. வன் டோர்ட்டுக்கும் கிளாசனுக்கும் இடையே எழுபத்தெட்டு ஆண்டுகள். கலை நோக்கோ முற்றிலும் வேறு. எனினும் இருவரையும் உருவாக்கிய பயிற்சிக்களம் ஒன்றே. பேனை ஒரு கலைக்கருவியாகும் முன்னர் அவர்களுக்கு ஒரு தொழிற்கருவியாயிருந்தது.

பேனைச் சித்திரத்தைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள்ளே கொண்டுவந்தது அச்சுக்கூடம். கோட்டுப்படத்தை ஒளிப்படமெடுத்து, நாகத் தகட்டிற் பதித்து, அமிலத்தால் அரித்துப் ‘புளொக்’ செய்யும் முறையே அக்காலத்தில் மலிவானது. பென்சிலின் சாம்பல் நிறக் கோடு இம்முறையிற் பிடிபடாது. கருமை திண்ணமாகவும் ஓரம் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே பத்திரிகைச் சித்திரகாரர் விளக்குக்கரியிற் செய்த இந்திய மையையும் தொட்டெழுதும் முனையையும் நாடினர். சாம்பல் நிறத்தை நெருக்கமான கோடுகளாலும் குறுக்குக் கோடுகளாலும் உணர்த்தக் கற்றனர். ஒரு கலைமரபின் அழகியல் இவ்வாறு அச்சுச் செலவினாலும் தீர்மானிக்கப்பட்டது.

தமிழகத்தில் இம்மரபின் உச்சியை ஆனந்த விகடனிற் காணலாம். மாலி, கோபுலு ஆகியோரின் நகைச்சுவைக் கோடுகளும், ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தொடருக்குச் சில்பி வரைந்த கோயிற் சிற்பங்களும் கடல் கடந்து வெள்ளவத்தை வீடுகளுக்கும் கொட்டாஞ்சேனை வாசிகசாலைகளுக்கும் வந்து சேர்ந்தன. சில்பி கோயில்களுக்கே சென்று சிற்பத்தின் முன்னமர்ந்து வரைந்தவர். கொழும்பிலோ தமிழ்க் கேலிச்சித்திரத்துக்குத் தனியிடம் தேடித்தந்தவர் ‘சுந்தர்’ என்னும் சி. சிவஞானசுந்தரம். பம்பாயிலே பயின்று திரும்பிய அவர், தினகரனில் ‘சவாரித் தம்பர்’ என்னும் பாத்திரத்தை உலாவவிட்டார். 1960களிற் கொழும்பில் ‘சிரித்திரன்’ இதழைத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியிட்டார். ஆங்கில ஏடுகளில் 43 குழுவைச் சேர்ந்த ஓப்ரி கொலெற் அரசியற் கேலிச்சித்திரம் வரைந்த நகரிலே, தமிழ்க் குடும்பத்தின் வாசற்படியைச் சுந்தர் வரைந்தார். பத்திரிகைக்குக் குறித்த நாளிற் படம் வேண்டும். அந்நாள் வந்ததும் படம் கையைவிட்டுப் போய்விடும். நிறைவு இல்லையெனினும் அடுத்த படத்திலேயே திருத்திக்கொள்ளலாம். இவ்விதி சித்திரகாரரின் அச்சத்தைக் கரைத்ததுபோல் வேறெதுவும் கரைத்திருக்க முடியாது.

பின்னர் வந்த பேனைகள் வரைதலை எல்லாருக்கும் எளிதாக்கின. ஹங்கேரியப் பத்திரிகையாளர் லஸ்லோ பிரோ 1938இல் காப்புரிமை பெற்ற குமிழ்முனைப் பேனை இரண்டாம் உலகப்போரின் பின் உலகெங்கும் பரவியது. 1960களின் முற்பகுதியில் ஜப்பான் நார்முனைப் பேனையை வெளியிட்டது. இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்த காலத்தில் வெளிநாட்டுச் சித்திரப் பேனைகளும் மைகளும் எளிதிற் கிட்டும் பொருள்களாக இருக்கவில்லை. எழுதக் கிடைத்த பேனையே வரையவும் உதவிற்று. கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் முனைகள் பல வந்தன, வகைகள் பெருகின. அவற்றோடு, எதனை வாங்குவது என்னும் மயக்கமும் பெருகிற்று.

பேனைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண்செயல் என்று கூறிவிடலாமா? கூறலாகாது. ஒவ்வொரு பேனையும் கைக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. 1888இல் பிரான்சின் ஆர்ல் பகுதியில் வான்கோ நாணலை வெட்டிப் பேனையாக்கி வரைந்தார். நாணல் சிறிதளவு மையையே தாங்கும்; கோடு விரைவில் வரண்டுவிடும். அவருடைய சித்திரங்களிற் காணப்படும் குறுங்கோடுகளும் புள்ளிகளும் அக்கருவியின் இயல்போடு பொருந்தியவை. உருக்கு முனை அழுத்தத்தை அறியச் செய்கிறது. குமிழ்முனை மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாகக் கருமையேற்ற இடமளிக்கிறது. நார்முனை தயங்கி நிற்கும் இடத்திலெல்லாம் மையைக் கசியவிட்டுத் தயக்கத்தையே காட்டிக்கொடுக்கிறது. இவற்றைச் சோதித்தறிதல் கல்வியே. ஆனால் ஒரு பேனை தன் பாடத்தைப் புகட்டி முடிக்குமுன் அதனைக் கைவிட்டு மற்றொன்றைத் தேடுவது, அச்சத்தைப் பேனையின்மேற் சுமத்துவதாகும். வன் டோர்ட்டும் கிளாசனும் தமக்கு வாய்த்த தொழிற்கருவியுடன் ஆண்டுக்கணக்கிற் பழகினர் என்பதை மறத்தலாகாது.

துணிவு எனப்படுவது பிழையின்மை அன்று. றெம்பிரான்ற் போன்ற பேராசான்களின் பேனைச் சித்திரங்களிலும் முதலில் இட்ட கோடும் அதன் அருகே திருத்தி இட்ட கோடும் ஒருங்கே நிற்கின்றன. பிழைத்த கோடு மறைக்கப்படவில்லை. அடுத்த கோட்டுக்கு அளவாக அது பயன்பட்டுள்ளது. அழிறப்பரோடு வளர்ந்த மாணவன் இழந்தது இவ்வளவைத்தான். பிழையை உடனே அழித்துவிடுபவனுக்கு, எங்கே எவ்வளவு பிழைத்தோம் என்பது தெரியவருவதில்லை.

இனி, அழியாமை என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. குமிழ்முனைப் பேனையின் கோட்டை அழிறப்பர் அழிக்காது. ஆனால் வெளிச்சம் காலப்போக்கில் அழித்துவிடும். அதன் சாய மைகள் பல ஒளியில் மங்கும் இயல்பின. மாசிக்காய் மையோ ஆண்டுகள் செல்லத் தாளையே அரிக்கவல்லது. கரியாற் செய்த இந்திய மை நூற்றாண்டுகள் கடந்தும் கருமை குன்றாது. 1982இல் ஜப்பானிய நிறுவனமான சக்குரா வெளியிட்ட நிறமணி மைப் பேனைகளும் நீருக்கும் ஒளிக்கும் தாக்குப்பிடிப்பன. பேனையைத் தெரிவதிற் கவலை கொள்ளவேண்டிய இடம் உண்மையில் இதுவே. கோட்டின் அழகை மை தீர்மானிப்பதில்லை. கோட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கொழும்புத் தமிழருக்கு இது வெறும் தொழினுட்பச் செய்தியன்று. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. எரிந்தவற்றுட் குடும்பப் படங்களும் நூல்களும் கடிதங்களும் அடங்கும். எஞ்சியவற்றைப் பின்வந்த காலம் மாற்றியது. வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் விறாந்தையும் ஓட்டுக்கூரையும் கொண்ட வீடுகள் ஆண்டுதோறும் அருகுகின்றன. பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலும், புனித லூசியாள் பேராலயமும் நிலைத்துள்ளன. அவற்றைச் சூழ்ந்த தெருக்களோ நிலைக்கவில்லை. பேட்டையும் கோட்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவ்வாறிருந்தன என்பதை அறிய வன் டோர்ட்டின் கோடுகள் உள்ளன. இவ்விரு தமிழ்ப் பகுதிகளின் சாதாரண வீடும் ஒழுங்கையும் படலையும் அவ்வாறு தொடர்ச்சியாக வரையப்பட்டனவா என்னும் வினா இன்றைய இளைஞர்முன் நிற்கிறது.

ஒளிப்படக் கருவி ஒவ்வொரு கையிலும் உள்ள காலத்தில் வரைதல் எதற்கு என வினவுவோரும் உளர். ஒளிப்படம் கணத்திற் பதிவதால் வீட்டை ஊன்றிப் பார்க்கும் தேவை அங்கு எழுவதில்லை. வரைபவரோ அரை மணித்தியாலம் அதன்முன் இருக்க வேண்டும். தூண் எத்தனை, ஓடு எவ்வாறு சரிகிறது, சாளரத்தின் கம்பி எவ்வழி வளைகிறது என எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தவரின் நினைவில் வீடு இருமுறை பதிகிறது.

எனவே வரையப் புகும் மாணவர் உயர்ந்த பேனைக்காகவோ உறுதியான கைக்காகவோ காத்திருத்தல் வேண்டா. கரி மை கொண்ட ஒரு பேனை, ஒற்றை றூள் இல்லாத ஒரு கொப்பி, பென்சிலும் அழிறப்பரும் வீட்டிலிருக்க வெளியே செல்லும் வழக்கம் ஆகிய மூன்றும் போதும். முதற் பக்கங்கள் கோணும். கோணிய பக்கங்களைக் கிழிக்காது வைத்துக்கொண்டால், பத்தாவது பக்கத்தின் கோடு எங்கிருந்து வந்தது என்பதை அவையே உணர்த்தும். பரீட்சை மண்டபத்தில் அஞ்சாத அக்கை, ஒழுங்கை முனையிலும் அஞ்சாதிருக்கப் பழகும்; அது வரையும் வீடு இடிக்கப்படுமுன் பழகிவிடுதல் நன்று.